உடம்பு வெறும் சட்டையா?

கடவுள் மனிதரானார் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, அதற்கு என்ன பொருள் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். நம்புகிறவரும் நம்பாதவரும் அநேகமாக ஒரே பதிலைத்தான் தருவார்கள். மேலே இருந்த கடவுள் கொஞ்ச காலத்துக்கு மனித உடம்பைச் சட்டைபோல மாட்டிக்கொண்டு பூமிக்கு வந்தார். வந்த வேலை முடிந்ததும் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். வெளியே தெரிந்தது மனிதர், உள்ளே இருந்தது கடவுள். கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஆதித் திருச்சபை முதன்முதலாக எதிர்த்து நின்ற கருத்துகளில் ஒன்று இதுதான். எதிர்த்து விரட்டிய பிறகும் அது வேறு வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துகொண்டே இருந்தது.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு நினைப்பும் உண்டு. இயேசு மனிதர் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, அவரைக் கடவுள் என்று நிலைநாட்டத்தான் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பது அந்த நினைப்பு. நடந்ததைப் பார்த்தால், அவர் மனிதர் என்பதைக் காப்பாற்றத்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது என்று தோன்றுகிறது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மத்தியதரைக் கடலைச் சுற்றி வாழ்ந்த அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதை மட்டும் நாம் ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு போவோம்.

முதல் படியில் யூதர்கள் நிற்கிறார்கள். இயேசுவின் முதல் சீடர்கள் எல்லாரும் யூதர்களே. கடவுள் ஒருவரே என்று காலையும் மாலையும் அறிக்கையிட்டு வளர்ந்தவர்கள். கி.பி. 40 வாக்கில் ரோமப் பேரரசர் கலிகுலா தன் சிலையை எருசலேம் ஆலயத்தில் நிறுத்தப் பார்த்தபோது, எங்களைக் கொன்றுவிட்டு வையுங்கள் என்று கழுத்தை நீட்டிய மக்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் நடுவில் ஒரு மனிதரைக் கடவுளுக்கு நிகராக வைத்துப் பேசும் வழக்கம் எளிதில் முளைத்திருக்க முடியாது. ஆனாலும் முளைத்தது, அதுவும் வெகு சீக்கிரத்தில். இயேசு சிலுவையில் அறையப்பட்டது ஏறக்குறைய கி.பி. 30. அதிலிருந்து ஒரு தலைமுறைக்குள் பவுல் பிலிப்பி நகரத்தாருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அதில் ஒரு பகுதி பாட்டுப்போல நடக்கிறது. பவுலுக்கு முன்பே சபைகளில் பாடிவந்த பாட்டாக இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். கடவுளின் நிலையில் இருந்தவர் அதைப் பற்றிக்கொண்டிராமல், தம்மை வெறுமையாக்கி, அடிமையின் நிலைக்கு இறங்கி, சிலுவைச் சாவுவரை கீழே போனார் என்பது அதன் சாரம்.

அந்தப் பாட்டின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: மேல் முனையில் கடவுள், கீழ் முனையில் சிலுவை. சிலுவை என்பது ரோமர்கள் பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. நாகரிகமானவர்கள் வாயால் சொல்லவே கூசியது. ரோம் நகரின் பாலத்தைன் குன்றில் ஒரு பழைய சுவரில் ஒரு கிறுக்கல் கிடைத்திருக்கிறது. காலம் ஏறக்குறைய கி.பி. 200. கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே நிற்பவன் கையை உயர்த்தி வணங்குகிறான். அலெக்சமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான் என்று கேலியாக எழுதியிருக்கிறது. தெருவில் போகிற ரோமானியனுக்கு இந்த நம்பிக்கை எப்படிப் பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

படித்தவர்களின் ஆட்சேபம் வேறு விதம். கிரேக்கத் தத்துவத்தில் ஊறிய எவருக்கும் கடவுள் என்றால் மாறாதவர், துன்பப்படாதவர், எதற்கும் குறைவில்லாதவர். கி.பி. 178 வாக்கில் செல்சஸ் என்ற அறிஞர் கிறிஸ்தவத்தைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. கடவுள் முழுமையானவர் என்றால், மாறினால் கீழ்நோக்கித்தானே மாற முடியும்? நல்லதிலிருந்து கெட்டதற்கு ஏன் ஒரு கடவுள் இறங்கி வர வேண்டும்? எழுபது ஆண்டுகள் கழித்து ஒரிஜன் என்ற அலெக்சாந்திரியப் பேரறிஞர் எட்டுப் புத்தகங்களில் அவருக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.

இந்த நெருக்கடியில் சிக்கிய ஒரு பக்திமானின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். இயேசுவைக் கடவுளாக வணங்குகிறோம். கடவுளுக்குப் பசிக்காது, வலிக்காது, சாவு வராது. நற்செய்திகளிலோ அவருக்குப் பசிக்கிறது, படகில் களைத்துத் தூங்குகிறார், நண்பர் இறந்தபோது அழுகிறார், கடைசியில் செத்தே போகிறார். என்ன செய்வது? மரியாதை கெடாமல் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது: பசித்ததுபோலத் தெரிந்தது, உண்மையில் பசிக்கவில்லை, வலித்ததுபோலத் தெரிந்தது, உண்மையில் வலிக்கவில்லை. உடம்பு வெறும் தோற்றம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இப்படிச் சொன்னவர்களைத் தோற்றவாதிகள் என்று வைத்துக்கொள்வோம். கவனிக்க வேண்டியது, இவர்கள் இயேசுவைக் குறைத்துப் பேசியவர்கள் அல்ல. கொஞ்சம் அதிகமாகவே உயர்த்திவிட்டவர்கள். சட்டைக் கதை பிறந்தது அவநம்பிக்கையில் அல்ல, பக்தியில்.

இவர்களை நேருக்கு நேர் மறுத்தவர் அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேஷியஸ். 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரைக் கைதுசெய்து, மிருகங்களுக்கு இரையாக்குவதற்காக ரோமுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் சிமிர்னா போன்ற ஊர்களின் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். கிறிஸ்து உண்மையாகவே பிறந்தார், உண்மையாகவே உண்டார், குடித்தார், உண்மையாகவே ஆணியால் அறையப்பட்டார் என்று ‘உண்மையாகவே’ என்ற சொல்லை அவர் திரும்பத் திரும்ப அடிக்கிறார். அவருடைய வாதம் தத்துவ வாதம் அல்ல. கிறிஸ்து பட்ட பாடு வெறும் தோற்றம் என்றால் நான் எதற்காக இந்தச் சங்கிலியில் கிடக்கிறேன் என்பதுதான் அவர் கேள்வி. நிஜமான வலியோடு சாகப் போகிறவருக்கு, வலிப்பதுபோல நடித்த கடவுளால் ஒரு பயனும் இல்லை.

தோற்றவாதிகள் பக்கம் அடுத்து வந்தவர் மார்சியன். கருங்கடல் கரையிலிருந்த சினோப் ஊரைச் சேர்ந்தவர். கப்பல் தொழில் செய்த பணக்காரர். ரோமில் சபைக்கு 2,00,000 செஸ்டர்ஸ் நாணயம் நன்கொடை கொடுத்தார். கி.பி. 144-இல் அவர் போதனை பிடிக்காமல் சபை அவரை வெளியேற்றியபோது அந்தப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டது என்று சொல்வார்கள். மார்சியனின் கிறிஸ்துவுக்குப் பிறப்பே இல்லை. திபேரியு பேரரசரின் 15-ஆம் ஆட்சியாண்டில், வளர்ந்த ஆளாகவே நேராகக் கப்பர்நாகூமில் வந்து இறங்குகிறார். கர்ப்பம், பிரசவம், பால் குடிப்பது இதெல்லாம் கடவுளுக்கு அசிங்கம் என்பது அவர் எண்ணம்.

அந்த அசிங்கத்தையே கையிலெடுத்து அடித்தார் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன். கிறிஸ்துவின் உடலைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். கருப்பையின் ஈரம், இரத்தம், நாளுக்கு நாள் பாரமாகும் வயிறு, பிரசவ வலி, துணி சுற்றிக் கிடக்கும் குழந்தை என்று மார்சியன் முகம் சுளிக்கிற ஒவ்வொன்றையும் விடாமல் வரிசையாக அடுக்குகிறார். பிறகு கேட்கிறார்: நீயும் இப்படித்தானே பிறந்தாய்? இதை வெறுத்தால் மனிதனை எப்படி நேசிப்பாய்? கிறிஸ்து மனிதனை நேசித்தார் என்றால், அவன் பிறக்கிற விதத்தையும் சேர்த்துத்தான் நேசித்தார். மொத்தத்தில் வாதம் இவ்வளவுதான். கடவுளின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியவரிடம், உனக்குப் பெரிதாகத் தெரிகிற அந்த மானம் கடவுளுக்கே பெரிதாகத் தெரியவில்லையே என்று சொல்வதுபோல.

ஆனால் அந்த உடம்பு நிஜமா இல்லையா என்பதில் அவர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? இதற்கு விடை தெரிந்தால்தான் அடுத்த இருநூறு ஆண்டுச் சண்டையும் புரியும். விடையைத் தெளிவாகச் சொன்னவர் ஐரேனியஸ். சின்ன ஆசியாவில் வளர்ந்து, இன்றைய பிரான்சிலிருக்கும் லியோனில் ஆயரானவர், கி.பி. 180 வாக்கில் எழுதியவர். அவருடைய பார்வையில் மனிதகுலம் ஆதாமில் வழி தவறிப்போனது. எங்கே கோணியதோ அங்கேயே போய் நிமிர்த்த வேண்டும். அதனால் கிறிஸ்து மனித வாழ்வை முதலிலிருந்து மறுபடி வாழ்ந்து காட்டுகிறார்: குழந்தைகளுக்காகக் குழந்தையாக, சிறுவர்களுக்காகச் சிறுவனாக, இளைஞர்களுக்காக இளைஞனாக. எந்த வயதும் விட்டுப்போகக் கூடாது என்ற ஆர்வத்தில், இயேசு ஐம்பதை நெருங்கும்வரை வாழ்ந்தார் என்றுகூட ஐரேனியஸ் வாதாடியிருக்கிறார். பின்வந்தவர்கள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை, ஆனால் அடிப்படையை விடவில்லை. அந்த அடிப்படையில் கடவுள் மனிதரானது நம்மிடம் வந்து பேசிவிட்டுப் போக அல்ல, நம்மைக் குணமாக்க. செய்தி சொல்ல மட்டும் வந்தவருக்குத் தோற்றமே போதும். குணமாக்க வந்தவர் நோய் இருக்கிற இடத்தைத் தொட்டாக வேண்டும்.

எதிர்த் திசையிலும் சிலர் போனார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. எபியோனியர் என்ற யூதக் கிறிஸ்தவர்கள் இயேசுவைக் கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதர் என்று மட்டும் கொண்டார்கள். பைசாந்தியத்திலிருந்து ரோமுக்கு வந்த தியோதோத்தஸ் என்ற தோல்தொழிலாளி ஏறக்குறைய 190-இல் இதையொத்த ஒன்றைப் போதித்து விலக்கப்பட்டார். இவர்கள் சொன்னது ஒரு நல்ல மனிதர் மேலே உயர்த்தப்பட்ட கதை. சபைகள் பாடிக்கொண்டிருந்ததோ மேலே இருந்தவர் கீழே இறங்கிய கதை. இரண்டும் பொருந்தவில்லை. அதனால் இந்தத் திசை நெடுங்காலம் நிலைக்கவில்லை.

இப்போது எல்லாரும் கேள்விப்பட்ட நிசேயாவுக்கு வருவோம். அங்கே கான்ஸ்தந்தைன் பேரரசர் ஆயர்களைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார் என்றொரு கதை உலவுகிறது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 112 வாக்கில், பித்தினியா மாநில ஆளுநர் பிளினி பேரரசர் திராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியலுக்கு முன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் நிசேயா இருந்ததே அந்தப் பித்தினியாவில்தான். 325-இல் அங்கே மோதிய இரண்டு தரப்பும் கிறிஸ்துவை வணங்கியவர்களே. அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியஸ் சொன்னது இது: மகன் மிக உயர்ந்தவர், உலகத்துக்கு முந்தியவர், ஆனால் தந்தையால் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு நிலையும் உண்டு. சங்கம் அதை மறுத்து, மகன் தந்தையோடு ஒரே இயல்புடையவர் என்று அறிக்கையிட்டது. மரபு அங்கே கூடிய ஆயர்களின் எண்ணிக்கையை 318 என்கிறது. கையெழுத்திட மறுத்து ஆரியஸோடு நின்ற ஆயர்கள் இரண்டு பேர்.

ஆரியஸை ஏன் ஏற்கவில்லை என்பதற்கும் பழைய காரணமே. படைக்கப்பட்டவர் படைக்கப்பட்டவர்களைக் கடவுளிடம் எப்படிச் சேர்ப்பார் என்று கேட்டார் அதனாசியஸ். நிசேயாவுக்கு வந்தபோது அவர் ஆயரின் உதவியாளராக இருந்த இளந் திருத்தொண்டர். பின்னர் அலெக்சாந்திரியாவின் ஆயராகி, இதே விவகாரத்தில் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். நாம் கடவுளின் வாழ்வில் பங்கு பெறவே கடவுள் நம் வாழ்வில் பங்கு கொண்டார் என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. கொடுக்க வருகிறவரிடம் கொடுக்க வேண்டியது இருக்க வேண்டும் அல்லவா?

இந்தப் பேச்சு அறிஞர்களோடு நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 380-களில் தலைநகரான கான்ஸ்தாந்திநோபிளைப் பார்த்து நிஸ்ஸாவின் ஆயர் கிரகோரி அலுத்துக்கொள்கிறார்: சில்லறை கேட்டால் பிறந்தவரையும் பிறவாதவரையும் பற்றித் தத்துவம் சொல்கிறான், ரொட்டி என்ன விலை என்றால் தந்தை பெரியவர், மகன் சிறியவர் என்கிறான், குளிக்க வெந்நீர் தயாரா என்றால் மகன் ஒன்றுமில்லாமையிலிருந்து வந்தார் என்கிறான்.

சட்டைக் கதை திரும்பி வந்தது இந்தக் கட்டத்தில்தான், அதுவும் நிசேயாவை உயிராகக் காத்தவர்களின் வீட்டுக்குள்ளிருந்து. ஆரியஸின் ஆட்கள் ஒரு வாதம் வைத்திருந்தார்கள்: இயேசு பயப்படுகிறார், கலங்குகிறார், கடைசி நாள் எப்போது என்று தமக்குத் தெரியாது என்கிறார்; இவர் எப்படித் தந்தைக்குச் சமம்? அதனாசியஸின் நண்பரும் சிரியாவின் லவோதிக்கேயா ஆயருமான அப்போலினாரிஸ் இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார். மனிதருக்கு உடல் உண்டு, உயிர் உண்டு, யோசிக்கிற மனம் உண்டு. இயேசுவுக்கு உடலும் உயிரும் நம்மைப் போலவே. மனம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கடவுளின் வார்த்தையானவர், அதாவது தந்தையோடு ஒரே இயல்புடைய மகன், இருந்தார். மனித மனம் அலைபாயும், கெட்ட எண்ணங்களுக்கு இடம் கொடுக்கும். அது இருந்தால் பாவமும் வந்துவிடுமே என்பது அவர் பயம். முழுமையான இரண்டு சேர்ந்து ஒன்றாக முடியாது என்பது அவர் கணக்கு.

யோசித்துப் பார்த்தால், இன்று நம்மில் பெரும்பாலோர் மனத்தில் வைத்திருப்பது அப்போலினாரிஸின் இயேசுவைத்தான். இரத்தம் நிஜம், எலும்பு நிஜம், வலிகூட நிஜம். ஆனால் உள்ளே உட்கார்ந்து யோசிப்பவர் எல்லாம் தெரிந்த கடவுள். பழைய தோற்றவாதிகளின் சட்டை மாயத் துணியால் ஆனது. அப்போலினாரிஸுடையது சதையும் இரத்தமுமான அசல் துணி. துணி உயர்ந்திருக்கிறதே தவிர, சட்டை சட்டைதான்.

இதற்குப் பதில் சொன்னவர்களில் முக்கியமானவர் நாசியான்சஸின் கிரகோரி, நிஸ்ஸாவின் கிரகோரிக்கு நண்பர். கிளெதோனியுஸ் என்ற குருவுக்கு எழுதிய கடிதத்தில், கடவுள் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை என்று அவர் வாதிட்டார். ஐரேனியஸ் சொன்னதன் நேரான தொடர்ச்சி இது. ஆதாமில் முதலில் தவறியது எது? கையா, காலா? கட்டளையைக் கேட்டும் மீறத் துணிந்த மனம்தான். அதிகம் நோய்ப்பட்ட உறுப்பே மனம் என்றால், அதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்தியர் தொட்டார் என்றால் என்ன பொருள்? 381-இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம் அப்போலினாரிஸின் போதனையை விலக்கியது. அதிலிருந்து ஒன்று உறுதியானது: இயேசுவுக்கு மனித உடல் மட்டுமல்ல, மனித மனமும் உண்டு. கற்றுக்கொள்கிற, கலங்குகிற, பயப்படுகிற மனம்.

சரி, முழுக் கடவுள், முழு மனிதர் என்றாகிவிட்டது. இவர்கள் இரண்டு பேரா, ஒருவரா? அடுத்த தலைமுறையின் தலைவலி இது. 428-இல் தலைநகரின் தலைமை ஆயரான நெஸ்டோரியஸ் அந்தியோக்கியாவில் படித்தவர். மரியாளைக் கடவுளின் தாய் என்று மக்கள் அழைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்துவின் தாய் என்றால் பிழையில்லை என்றார். கடவுள் தன்மையும் மனிதத் தன்மையும் கலங்கிவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் கொதித்தெழுந்தார். தொழுவத்தில் அழுத குழந்தை வேறு, கடவுளின் வார்த்தை வேறு என்றால், கடவுள் மனிதரானார் என்று எப்படிச் சொல்வது, ஒரு மனிதரோடு கூட வந்தார் என்றல்லவா ஆகும் என்று கேட்டார். 431-இல் எபேசுவில் சங்கம் கூடியது. அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேரும்முன்பே சிரில் அதைத் தொடங்கி நெஸ்டோரியஸைப் பதவி நீக்கிவிட்டார். வந்து சேர்ந்தவர்கள் பதிலுக்குச் சிரிலை நீக்கினார்கள். கொள்கையோடு ஊர்ப் பெருமையும் அரண்மனைச் சூழ்ச்சியும் கலந்திருந்த சண்டை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சிரில் பக்கம் அதிகமாகச் சாய்ந்தவர் யூத்திகெஸ் என்ற வயதான துறவி. இணைவதற்கு முன் இரண்டு இயல்புகள், இணைந்த பிறகு ஒன்றுதான் என்றார். இந்தப் போக்கைத் தியொடரெட் என்ற ஆயர் 447 வாக்கில் எழுதிய உரையாடல் நூலில் ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்ல வைக்கிறார்: கடலில் விழுந்த தேன்துளிபோல, கடவுள் தன்மையில் மனிதத் தன்மை கரைந்துபோனது. இதைவிட ஒரிஜன் நெடுநாள் முன்பே சொன்ன உவமை பலருக்குப் பிடித்திருந்தது. நெருப்பில் கிடக்கும் இரும்பு முழுதும் கனன்று நெருப்பாகவே தெரியும்; தொட்டால் சுடும். ஆனாலும் அது இரும்பாகவே இருக்கிறது. கரைந்த தேனைத் திரும்ப எடுக்க முடியாது. மனிதத் தன்மை அப்படிக் கரைந்துபோயிருந்தால் யாரை யார் குணமாக்கினார்கள் என்ற பழைய கேள்வி மறுபடி வந்து நிற்கும்.

451-இல் கான்ஸ்தாந்திநோபிளுக்கு எதிர்க்கரையில் கல்செதோன் என்ற ஊரில், எவுபேமியா ஆலயத்தில் ஆயர்கள் கூடினார்கள். இன்று அது இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதி. புதிதாக எதையும் எழுத ஆயர்களுக்கு விருப்பமில்லை; பேரரசரின் அதிகாரிகள்தான் எழுதியே ஆக வேண்டும் என்று நெருக்கினார்கள். எழுதியதில் கிறிஸ்து ஒருவரே. கடவுள் தன்மையில் முழுமையானவர், மனிதத் தன்மையில் முழுமையானவர். தந்தையோடு ஒரே இயல்பு, நம்மோடும் ஒரே இயல்பு. அந்த இரண்டு தன்மைகளும் எப்படி இணைந்திருக்கின்றன என்பதைச் சொல்ல நான்கு ‘இல்லை’கள்: கலப்பு இல்லை, மாற்றம் இல்லை, பிரிவு இல்லை, விலகல் இல்லை. முதல் இரண்டும் யூத்திகெஸுக்குப் பதில்; பின்னிரண்டும் நெஸ்டோரியஸுக்கு.

பாதிக் கடவுள், பாதி மனிதர் என்று நம்மில் சிலர் சொல்வதற்கு இதில் இடமே இல்லை என்பதைப் பார்த்தீர்களா? பாதி பாதி என்றால் ஒன்று கூட மற்றது குறைய வேண்டும். கல்செதோனின் கணக்கில் இரண்டும் முழுமை, எதுவும் குறையவில்லை. அது எப்படி முடியும் என்று கேட்டால், சங்கம் விளக்கம் சொல்லவில்லை. எப்படி என்று விளக்கப் புறப்பட்ட ஒவ்வொருவரும் எதையாவது ஒன்றைக் கத்தரித்துத்தான் கணக்கை நேர்செய்தார்கள். எதைக் கத்தரிக்கக் கூடாது என்பதோடு சங்கம் நிறுத்திக்கொண்டது.

அந்த முடிவை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எகிப்தின் காப்டிக் சபை, எத்தியோப்பியா, ஆர்மீனியா, சிரியாவின் பெரும்பகுதி ஆகியவை கல்செதோன் கிறிஸ்துவை இரண்டாகப் பிளந்துவிட்டது என்று விலகின. கேரளத்து ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயச் சபைகள் இந்த மரபைச் சேர்ந்தவை. பாரசீகத்தில் வளர்ந்த கீழைத் திருச்சபை எபேசுவையே ஏற்கவில்லை. அதற்குத் திருச்சூரில் இன்றும் ஒரு மறைமாவட்டம் இருக்கிறது. 1547-இல் சென்னை பரங்கிமலையில் கண்டெடுத்த, பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவையும் பாரசீகத்தோடு உறவு கொண்டிருந்த கிறிஸ்தவர்கள் விட்டுச்சென்றதே. பதினைந்து நூற்றாண்டுகள் கழித்து, 1973-இல் ஆறாம் பவுல் போப்பும் காப்டிக் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும், 1994-இல் இரண்டாம் ஜான் பால் போப்பும் கீழைத் திருச்சபைத் தலைவர் நான்காம் மார் தின்காவும் பொது அறிக்கைகளில் கையெழுத்திட்டார்கள். சொற்கள் வேறாக இருந்தாலும், கிறிஸ்து முழுக் கடவுள், முழு மனிதர் என்பதில் நாம் ஒன்றே என்பது அவற்றின் சாரம்.

கல்செதோனுக்குப் பிறகும் சட்டைக் கதை ஒருமுறை வந்தது. 7-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஹெராக்ளியஸ் பிரிந்த சபைகளைச் சேர்த்து வைக்க ஒரு சமரசம் தேடினார்: இயல்புகள் இரண்டாக இருக்கட்டும், விருப்பம் மட்டும் ஒன்று, அது கடவுளின் விருப்பம். மாக்சிமஸ் என்ற துறவி மறுத்தார். கெத்சமனே தோட்டத்தில், சாவதற்கு முந்தின இரவில், இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலக் கூடாதா என்று இயேசு மன்றாடுகிறார். பிறகு தந்தையின் விருப்பத்துக்கு உடன்படுகிறார். சாக விரும்பாத ஒரு மனித விருப்பம் அங்கே நிஜமாக இருந்தால்தான் அந்த உடன்பாட்டுக்குப் பொருள். இல்லையென்றால் அது மேடைப் பேச்சு. இதைச் சொன்னதற்காக மாக்சிமஸின் நாக்கையும் வலக்கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள், 662-இல் இறந்தார். 681-இல் முடிந்த சங்கம் அவர் சொன்னதே சரி என்றது.

உடல், மனம், விருப்பம். ஒவ்வொரு முறையும் பக்தியின் பேரால் மனிதரில் ஒரு பகுதியைக் கழித்துவிடப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அதைத் திரும்ப எடுத்து வைத்தார்கள். இனி இயேசுவைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டாலும், ஒரு படம் பார்த்தாலும், நாசியான்சஸின் கிரகோரி கேட்டிருக்கக்கூடிய கேள்வியை நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்: இந்தக் கதையில் மனிதருக்குரியது எது விடுபட்டிருக்கிறது? எல்லாம் முன்கூட்டியே தெரிந்து, எதற்கும் பயப்படாமல், புன்னகையோடு சிலுவைக்கு நடக்கும் ஒருவரை அது காட்டினால், அதைச் செய்தவர் எவ்வளவு பெரிய விசுவாசியாக இருந்தாலும் சரி, அவர் காட்டுவது 381-இலேயே தள்ளிவைக்கப்பட்ட அப்போலினாரிஸின் இயேசுவை.